சனிக்கிழமை வீடு பார்க்க வருகிறவர்கள்

துபாயில் இப்போது வீட்டைப் போனிலேயே சுற்றிப் பார்த்து வாங்கிவிடுகிறார்களாம். நான் வேலையை விட்டு ஊருக்கு வந்தபின் என் சாவிக்கொத்தை வைத்திருக்கும் ஃபர்ஹானா போன வாரம் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அங்கிள், ஓப்பன் ஹவுஸுக்கு யாரும் நேர்ல வர்றதே இல்ல. விரலால தள்ளித் தள்ளி எல்லா ரூமையும் பாத்துடறாங்க."

"சரிம்மா, ஃப்ளஷ் வேலை செய்யுதான்னு எப்படி அமுக்கிப் பாப்பாங்க?" என்று கேட்டேன்.

அதையே எழுதித் தரச் சொன்னாள். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக, வாங்க வருகிறவர்கள் ஒரு வீட்டை எப்படி எடைபோடுகிறார்கள் என்று நாலு வார்த்தை வேண்டுமாம். நாலு வார்த்தையில் நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. அது ஆபீசில் எல்லாருக்கும் தெரியும்.

நான் மானாமதுரைக்காரன். ஐ.டி.ஐ. முடித்து ஏ.சி. ஹெல்ப்பராக ஷார்ஜாவில் ஒரு தொழிலாளர் கேம்புக்கு வந்தேன். ஏழு வருஷம் மொட்டைமாடிகளில் வெந்தேன். ஒருநாள் ஒரு வில்லாவில் ஏ.சி. சர்வீஸ் முடித்துவிட்டுக் கிளம்பும்போது, யாரும் சொல்லாமலேயே பாத்ரூம் கதவைச் சாத்திவிட்டுப் போனேன். அங்கே நின்றிருந்த காலித் பாய் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த மாதமே தன்னுடைய ரியல் எஸ்டேட் ஆபீசுக்கு என்னை இழுத்துக்கொண்டார். விசிட்டிங் கார்டில் பெரிய பதவிப் பேர் எல்லாம் போட்டிருந்தார்கள். உண்மையில் நான் கதவு திறக்கிறவன். வீட்டை விற்பது கோட்டுப் போட்ட ஏஜென்ட்கள், கமிஷனும் அவர்களுக்கு. ஆனால் வீடு பார்க்க வருகிறவர்கள் மனதில் உள்ளதைப் பேசுவது என் முன்னால்தான். ஏஜென்ட் காதில் விழக்கூடாது என்று நினைப்பார்களே தவிர, கதவு திறக்கிறவனுக்கும் காது உண்டு என்று யாரும் நினைப்பதில்லை.

அங்கே வீடு பார்க்கிற சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடியும். மற்ற மாதங்களில் காரைவிட்டு இறங்கவே யோசிக்கிறவன் வீட்டையா பார்க்கப் போகிறான்? நியாயப்படி வீட்டை ஆகஸ்ட் மத்தியானத்தில்தான் பார்க்க வேண்டும். ஏ.சி. தாங்குகிறதா, மேல்மாடி வேகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். நாங்கள் ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைத்து, "காத்து எப்படி வருது பாருங்க சார்" என்போம். பெண் பார்க்கப் போகும் அன்று எந்த மாப்பிள்ளையும் அடக்கமாகத்தான் உட்கார்ந்திருப்பார்.

காலித் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாகூர்க்காரர். ஆறடி உயரம், எப்போதும் வெள்ளை சாக்ஸ். சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஓப்பன் ஹவுஸ், அதாவது விற்கிற வீட்டை எல்லாருக்கும் திறந்து காட்டுவது, என்றால் ஒன்பது மணிக்கே வந்துவிடுவார். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, அந்த வெள்ளை சாக்ஸோடு எல்லா அறைகளிலும் ஒரு சுற்று நடப்பார். கடைசியில் சோபாவில் உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பார். சாக்ஸ் கறுத்திருந்தால் திட்ட மாட்டார். அதைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பையிலிருந்து வேறொரு ஜோடியை எடுத்துப் போட்டுக்கொள்வார். திட்டியிருந்தால் தேவலை. பத்தொன்பது வருஷத்தில் நான் துவைத்த சாக்ஸுக்குத் தனியாக ஒரு லாண்டரி வைத்திருக்கலாம்.

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் ஒரு மக் தண்ணீர். பூட்டிக்கிடக்கும் வீட்டில் பாத்ரூம் தரையில் தண்ணீர் வடிகிற ஓட்டையின் ஜாலிக்குக் கீழே தேங்கி நிற்கும் தண்ணீர் காய்ந்துவிடும். காய்ந்தால் சாக்கடை வாடை நேராக மேலே ஏறி வரும். ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் வாடை போய்விடும். இது தெரியாமல் கடலைப் பார்த்த வீடுகளைக் கோட்டை விட்ட ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். அடுத்தது குழாய்கள். எல்லாவற்றையும் திறந்துவிட்டு, முதலில் வரும் பழுப்புத் தண்ணீர் போகும்வரை நிற்க வேண்டும். அப்புறம் அட்டைப்பெட்டி. ஒரு அட்டைப்பெட்டிகூடக் கண்ணில் படக்கூடாது. பெட்டியைப் பார்த்தால் ஊரைக் காலிசெய்கிற அவசரம் தெரிந்துவிடும், அவசரம் தெரிந்தால் விலையை அடித்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஃப்ரிட்ஜ். வீடு பார்க்க வருகிறவர்கள் ஃப்ரிட்ஜைத் திறப்பார்கள். அது வீட்டோடு சேராது என்று தெரியும், இருந்தாலும் திறப்பார்கள். உள்ளே அரை எலுமிச்சம்பழமும் ஒரு கெட்சப் பாட்டிலும் இருந்தால், "கையைக் கடிக்குது போல, குறைச்சுக் கேளு" என்று மனைவியின் காதைக் கடிப்பார்கள். அதனால் ஆபீஸ் செலவில் பால், முட்டை, ஜூஸ், கறுப்புத் திராட்சை எல்லாம் வாங்கி அடுக்குவோம். அந்தத் திராட்சையில் ஒன்றைத் தின்றதற்காக ஒரு கேரளத்துப் பையனை காலித் பாய் ஒரு வாரம் பேர் சொல்லிக் கூப்பிடாமல் இருந்தார்.

வருகிறவர்களில் பாதிப் பேர் வாங்க வருகிறவர்கள் இல்லை. பக்கத்து வில்லாக்காரர் தன் வீடு என்ன விலை போகும் என்று தெரிந்துகொள்ள வருவார். அஜ்மானிலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஜூஸ் குடிக்க வருகிற குடும்பங்கள் உண்டு. பால்கனியில் செல்ஃபி எடுக்கிறவர் வாங்க மாட்டார். சமையலறை சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்க்கிறவர் வாங்குவார். ஃப்ளஷை ஒருமுறை அமுக்குகிறவர் யோசிக்கிறார், மூன்றுமுறை அமுக்குகிறவர் ஏற்கெனவே மனதுக்குள் குடிவந்துவிட்டார். தேங்காய் வாங்குவதுபோல் சுவரைத் தட்டிப் பார்க்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் காதுக்கு என்ன கேட்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளைக்காரர்கள் சூரியன் எங்கே மறைகிறது என்று கேட்பார்கள். நம் ஆட்கள் எங்கே உதிக்கிறது என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு நாம் சொல்வதை நம்பாமல் போனில் திசைகாட்டியைத் திறப்பார்கள். போன் உறையில் காந்தம் இருக்கும். அதனால் வடக்கு வாஷிங் மெஷின் பக்கம் போய் நிற்கும். அப்படி வாஷிங் மெஷினுக்கு நல்ல திசை அமைந்ததால் விற்ற வீடுகள் இரண்டு உண்டு.

நம் ஆட்கள் கட்டாயம் கேட்கிற இன்னொரு கேள்வி: "முன்னாடி இருந்தவங்க ஏன் போறாங்க?" வீட்டின் ராசியை அவர்கள் அளப்பது இதில்தான். இதற்கு எங்கள் ஆபீசில் ஒரே பதில். கனடா. வேலை போனவர், கடனில் மாட்டியவர், புருஷன் பெண்டாட்டி பிரிந்தவர், எல்லாரையும் கனடாவுக்கு ஏற்றினோம். எங்கள் கணக்குப்படி கனடாவில் இந்நேரம் பனியே தெரியாத அளவுக்கு நம் ஆட்கள் நிறைந்திருக்க வேண்டும்.

இனி தயாளினி அக்கா கதை. ஆறேழு வருஷம் முந்தின சீசன்.

யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் கணேசலிங்கம் ஒரு கம்பெனியில் கணக்காளராக இருந்தவர், அந்த நவம்பரில் வீட்டிலேயே, தூக்கத்திலேயே இறந்துபோனார். இரண்டு படுக்கையறை டவுன்ஹவுஸ், நல்லவேளையாக அக்கா பேரில் வாங்கியிருந்தார். மகள் பிளஸ் டூ. ஜூனில் அவளோடு கொழும்புக்குப் போய்ப் படிப்பில் சேர்க்க வேண்டும், அதற்கு இந்த வீட்டைத் தவிர அக்காவிடம் வேறொன்றும் இல்லை. மார்ச்சுக்குள் நல்ல விலைக்குப் போகாவிட்டால் அக்டோபர் வரை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அக்கா என்னைவிட இளையவராகத்தான் இருப்பார். ஆனாலும் அவர் என்னை அண்ணை என்பார், நான் அவரை அக்கா என்பேன். யார் மூத்தவர் என்பதைக் கடைசிவரை இரண்டு பேரும் தீர்க்கவில்லை.

ஹாலில் கணேசலிங்கத்தின் படம். சந்தனமாலை, நெற்றியில் குங்குமப் பொட்டு, கீழே சின்ன சிவப்பு பல்பு. காலித் பாய் சாக்ஸ் சுற்று முடித்து அதன் முன் நின்றார்.

"மாரி பாய், யே ஹட்டாவ்" என்றார். மாரி நான்தான். எடுத்துவிடு என்று அர்த்தம்.

அக்கா மகளை அழைத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துவிட்டார். ஓப்பன் ஹவுஸ் நேரத்தில் வீட்டுக்காரர் வீட்டில் இருக்கக்கூடாது என்பது எங்கள் சட்டம். நான் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடினேன். அலமாரிகள் எல்லாவற்றிலும் அட்டைப்பெட்டிகளைத் திணித்து வைத்திருந்தேன். கட்டிலுக்கு அடியிலும் பெட்டி. மணி பத்தே முக்கால். சமையலறையில் ஓவன் கண்ணில் பட்டது. கல்ஃபில் நம் வீடுகளில் ஓவனில் யாரும் கேக் செய்வதில்லை. தோசைக்கல், பணியாரச்சட்டி, வாணலி எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். நான் தோசைக்கல்லைக் கொஞ்சம் ஒதுக்கி, படத்தைச் சாய்த்து வைத்தேன். "அண்ணே, நாலு மணி வரைக்கும்தான், கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லி மூடினேன். கெட்டிக்காரத்தனமான வேலை என்று அப்போது நினைத்தேன்.

மூன்று மணிக்கு வந்தவர்கள் செந்திலும் கவிதாவும். திருப்பூர் பக்கம். பன்னிரண்டு வருஷமாக ஷார்ஜாவில் வாடகை. செந்தில் திசைகாட்டியோடு மாடிக்குப் போனார். கவிதா நேராகச் சமையலறைக்கு வந்து சிங்க்குக்கு அடியில் குனிந்தார். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

"ஏனுங்க்ணா, இவங்க ஏன் வீட்ட குடுக்கறாங்க?"

"கனடாவுக்குப் போறாங்கம்மா. சாருக்கு அங்க பெரிய வேலை. முன்னாடியே கிளம்பிட்டாரு."

"நல்ல ராசியான வீடுதானுங்களா அப்ப?"

"சூப்பர் ராசிம்மா."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் ஓவனைத் திறந்துவிட்டார். எப்படித் திறக்காமல் இருப்பார்? அவர் வீட்டிலும் அதுதானே பாத்திர அலமாரி. எங்கே எவ்வளவு கொள்ளும் என்று பார்க்க வேண்டாமா? நம் ஆட்கள் எல்லார் வீட்டிலும் ஓவன் அலமாரி என்பது தெரிந்துதான் நான் அதில் ஒளித்தேன். அதே நம் ஆட்கள்தான் வாங்க வருவார்கள் என்பதை யோசிக்கவில்லை. இப்படி ஒரு முட்டாள்தனத்தை ஒரு தமிழனால்தான் செய்ய முடியும்.

கவிதா மெதுவாகப் படத்தை வெளியே எடுத்து மேடைமேல் வைத்தார். மாலையிலும் கண்ணாடியிலும் எண்ணெய் பட்டிருந்தது. கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க்ணா, கனடா போனவருக்கு எதுக்குங்க மாலை?"

கொங்கு நாட்டு மரியாதையில் செருப்பால் அடி வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த நேரம் பார்த்து, தண்ணீர் பாட்டில் எடுக்க தயாளினி அக்கா பின்பக்கக் கதவு வழியாக உள்ளே வந்தார். கூடவே மகளும்.

அக்கா படத்தைப் பார்த்தார். திறந்திருந்த ஓவனைப் பார்த்தார்.

"இவருங்க..." என்று கவிதா இழுத்தார்.

"என்ர மனிசன்."

"கனடாலன்னு..."

"கனடாவோ? மூண்டு தரம் அப்ளை பண்ணினவர். மூண்டு தரமும் விசா குடுக்கேல்லை" என்றார் அக்கா. சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "அண்ணை, இதுக்குள்ளயோ வச்சனீங்கள்?"

"ஆமாக்கா."

"தோசைக்கல்லோடயோ?"

நான் தலையாட்டினேன். அவர் தன் ஷாலின் நுனியால் கண்ணாடியில் இருந்த எண்ணெயைத் துடைத்தார். மகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனாள். வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மொட்டைமாடியில் மயங்கி விழுந்து, கேம்பில் எல்லார் முன்னாலும் தண்ணீர் தெளித்து எழுப்பப்பட்டவன் நான். அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

செந்தில் அப்போதுதான் உற்சாகமாக மாடியிலிருந்து இறங்கினார். "தென்மேற்கு பெட்ரூம் அருமையா இருக்குதுங்க! கட்டில்ல படுத்தே பாத்துட்டனுங்க!"

"வீட்டுலயேங்களா? எந்த ரூமுல போனாருங்க அக்கா?" என்று கவிதா கேட்டார்.

"அந்த அறைதான்" என்றார் அக்கா.

செந்தில் தன் சட்டையின் முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டார். "சொல்லி அனுப்பறமுங்க" என்று கிளம்பினார்கள். இத்தனை வருஷத்தில் அப்படிச் சொன்ன யாரும் சொல்லி அனுப்பியதில்லை. நல்ல விலைக்கு வாங்க வந்த ஒரே குடும்பத்தை நான் ஓவனில் வைத்துப் பொசுக்கிவிட்டேன்.

அக்கா படத்தைத் திரும்ப ஹாலில் மாட்டினார். "இனி அவரை இறக்க வேண்டாம். நானும் காருக்குள்ள போய் இருக்கமாட்டன். குசினியில இருப்பன். ஆர் கேட்டாலும் உண்மையைச் சொல்லுங்கோ."

மறு சனிக்கிழமை நான் இதைக் காலித் பாயிடம் சொன்னபோது அவர் முகம் சிவந்தது. விடுவிடென்று ஹாலுக்குப் போனார். படத்தின் முன் வெள்ளை சாக்ஸோடு நின்றார். உதடுகள் மட்டும் அசைந்தன, அவர்கள் மார்க்கத்தில் மரணத்துக்குச் சொல்லும் வார்த்தைகள். பிறகு என் பக்கம் திரும்பி, "டேடா ஹை" என்றார். படம் கோணலாக இருக்கிறதாம். நான் ஏறி நேராக்கும்வரை அங்கேயே நின்றார். அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அதன் பிறகு மூன்று சனிக்கிழமைகள். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மாலையைப் பார்த்துவிட்டு, "இன்று இவருக்குப் பிறந்தநாளா?" என்று கேட்டார்கள். நான் காலித் பாயைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார். நம் ஆட்கள் வாசலில் படத்தைக் கண்டதுமே செருப்பைக் கழற்றாமல் திரும்பினார்கள். ஒருவர் மட்டும் உள்ளே வந்து அக்கா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் பாதி விலைக்குக் கேட்டார். "சாவு விழுந்த வீட்டுக்கு இதுவே ஜாஸ்தி" என்றார். அவர் காபி டேபிளில் வைத்துவிட்டுப் போன டீ கப்பைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை, குப்பையில் போட்டேன். ஆனால் மார்ச் கடைசி வந்துவிட்டது, வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. "அந்தப் பாதி விலை ஆளின்ர நம்பரை எடுத்து வையுங்கோ அண்ணை" என்று அக்கா சொன்னார்.

அந்த சீசனின் கடைசி ஓப்பன் ஹவுஸ் அன்று, மத்தியானம் ஒரு மணிக்குக் கவிதா வந்தார். தனியாக.

"அக்கா, அந்த ரூமுல கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுங்களா?"

அரைமணி நேரம் கழித்து இறங்கி வந்து சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எப்படிங்க்கா ஆச்சு?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம். சாப்பிட்டிட்டுப் படுத்தவர். வாஷிங் மெஷின் நிண்டதும் எழுப்பு, நான் உடுப்புக் காயப்போடுறன் எண்டவர். மெஷின் நிண்டிட்டுது. அவர் எழும்பேல்லை."

"நீங்க பக்கத்துலதான் இருந்தீங்களா?"

"ஓம். பக்கத்திலதான் இருந்து புத்தகம் வாசிச்சனான்."

கவிதா ஸ்டூலை அக்கா பக்கம் நகர்த்திப் போட்டார். "எங்கப்பா பதினெட்டு வருசம் குவைத்துல இருந்தாருங்க. கேம்புலயே போயிட்டாரு. பக்கத்து பெட்டுக்காரருக்கு அவரு முழுப்பேருகூடத் தெரியலீங்க. பொட்டியிலதான் ஊருக்கு வந்தாரு. உங்க வீட்டுக்காரரு சொந்த வீட்டுல, சொந்தக் கட்டில்ல, நீங்க பக்கத்துல இருக்கறப்ப போயிருக்காரு. இங்க பொழைக்க வந்த எத்தன பேருக்குங்க அது கெடைக்குது? இத ராசியில்லாத வீடுன்னு நான் எப்படிங்க சொல்றது?"

நான் ஃப்ரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு, திராட்சையை ஒழுங்குபடுத்துவதுபோல் ரொம்ப நேரம் நின்றேன். கேட்ட விலையில் பெரிதாக ஒன்றும் குறைக்காமல் அவர்கள் வாங்கினார்கள். செந்தில் அந்த அறைக்குள் படுக்க மூன்று மாதம் ஆனதாகக் கவிதா பின்னால் சொன்னார். ஹாலில்தான் ஏ.சி. நன்றாக வருகிறது என்று காரணம் சொன்னாராம்.

சாவி கொடுத்த அன்று சாமான்கள் எல்லாம் போய்விட்டன. வெறும் ஹாலில் படம் மட்டும் இருந்தது. அக்கா அதைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"அண்ணை, நீங்களே காருக்குக் கொண்டு வாங்கோ."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அக்காவே கார் ஓட்டுகிறார். மகள் முன்சீட் கதவைத் திறந்தாள், ஏறப்போகிறாள் என்று நினைத்தேன். ஏறவில்லை. எனக்கு வழிவிட்டுப் பின்சீட்டுக்குப் போனாள். முன்சீட்டில் படத்தை நிமிர்த்தி வைத்தேன்.

"பெல்ட் போடுங்கோ. இவர் எப்பவும் போடமாட்டார், எத்தினை தரம் ஃபைன் கட்டினது!" என்றார் அக்கா.

மாலை நசுங்காமல் பெல்ட்டை இழுத்து, கணேசலிங்கத்தின் மார்புக்குக் குறுக்கே போட்டு, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். பின்சீட்டிலிருந்து அந்தப் பெண், ஓவனுக்குப் பிறகு முதல்முறையாக என்னிடம் பேசினாள்.

"தாங்க்ஸ், அங்கிள். அப்பா கம்ஃபர்ட்டபிளா இருக்கிறார்."